நோட்டில் இல்லாத வாக்கியம்

வெட்டு மேஜையின் மேல் கிடந்த துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தையல்காரி மூன்று வாரமாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அளவு குறிக்கிற நோட்டுதான் அது. மார்பு, இடுப்பு, கை நீளம் என்று கட்டம் போட்ட பக்கங்கள். அந்தக் கட்டங்களுக்குள்ளேயே மகள் பேசும் வாக்கியங்களைக் குறித்துக்கொண்டு வந்தாள். இடது பக்கம் மகள் சொல்வது, வலது பக்கம் அதற்கு அர்த்தம்.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் கூப்பிடுவது சுண்டு என்று. பிறந்த அன்றைக்கு அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்தவள், இன்றைக்கும் கையைக் கொடு என்றால் சுண்டுவிரலை மட்டும்தான் பிடிப்பாள். ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொன்னபோது அவளுக்கு மூன்று வயது. பேச்சே வராது என்று பயந்திருந்தார்கள். வந்தது. ஆனால் வந்ததெல்லாம் இரவல் பேச்சு. எப்போதோ யாரோ சொன்னதை அப்படியே, அதே குரலில், அதே இழுப்போடு எடுத்துச் சொல்வாள். எந்த வேளையில் அது அவள் காதில் விழுந்ததோ, அந்த வேளைதான் அதற்கு அர்த்தம்.

"தண்ணி வேணுமா?" என்று சுண்டு கேட்டால் தண்ணீர் வேண்டியது சுண்டுவுக்கு. தாகமாக இருந்தபோதெல்லாம் அவளிடம் எல்லோரும் அப்படித்தானே கேட்டார்கள். "டிக்கெட் எடுத்தாச்சா?" என்றால் வெளியே கூட்டிப்போங்கள் என்று அர்த்தம், அப்பா பஸ் டிரைவர், அவர் வண்டியில் போகும்போது பிடித்துக்கொண்டது. "அடுத்த பேஷண்ட் வரலாம்" என்றால் போதும், எழுந்து போங்கள் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் புத்திமதி சொன்ன ஒரு தூரத்துச் சொந்தக்காரரிடம் அதைச் சொன்னாள்; அந்த மனுஷன் அன்றைக்குப் போனவர்தான், திரும்பி வரவில்லை. அதில் தையல்காரிக்கு உள்ளூர சந்தோஷம்.

நோட்டில் இரண்டு தரம் அடிக்கோடு போட்ட வரி ஒன்று இருந்தது. "நல்லா இருக்கீங்களா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று சுண்டு கேட்டால் அவளுக்கு வயிற்று வலி. ஐந்து வயதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த நேரத்தில் யாரோ வாசலில் வந்து அப்படி விசாரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அதுதான் வயிற்று வலிக்குப் பெயர்.

இந்த நோட்டு எதற்கென்றால், தையல்காரி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. இரண்டு தடவை தேதி குறித்து இரண்டு தடவையும் இவளே வேண்டாம் என்றுவிட்டாள். கடைசியாகப் போனபோது டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"இனிமே நீங்க கேட்டாலும் நான் தள்ளிப் போடமாட்டேன். மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு சொல்றீங்க. வீட்ல யாராவது ஒருத்தர் இருப்பாங்கல்ல?"

"இருக்காங்க டாக்டர். ஆனா அவ பேசுறது அவங்களுக்குப் புரியாது."

"எத்தனை நாள்? அஞ்சு நாள். அஞ்சாம் நாள் உங்கள வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

டாக்டரம்மாவுக்கு ஐந்து ஒரு உத்தேசக் கணக்கு. சுண்டுவுக்கு ஐந்து என்றால் ஐந்து.

சொல்லப்போனால் நாம் யாரும் வார்த்தையை வார்த்தையாகச் சொல்வதில்லை. பல் தேய்த்துக்கொண்டே போனில் "வந்துட்டே இருக்கேன், தெருமுனைல நிக்கிறேன்" என்கிறோம். அடுத்த அறையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு "இதோ வந்துட்டேன்" என்கிறோம். வந்தா விட்டோம்? வரவில்லை. கேட்கிறவருக்கும் அது தெரியும். சுண்டுவுக்குத் தெரியாது. வந்துட்டேன் என்று குரல் கேட்டு, ஆள் கண்ணுக்கு முன்னால் இல்லாவிட்டால் அவளுக்கு உலகமே தாறுமாறாகிவிடும். தலையைச் சுவரில் முட்டிக்கொள்வாள், மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இரண்டு வருஷம் ஆனது. கண்டுபிடித்த பிறகு அந்த வீட்டில் யாரும் "இதோ வந்துட்டேன்" என்று சொல்வதில்லை. "மூணு நிமிஷம்" என்பார்கள். மூன்று நிமிஷத்தில் வந்து நிற்பார்கள். பால் பொங்கினால் பொங்கட்டும்.

பார்த்துக்கொள்ள வந்தது டிரைவரின் அக்கா. பெரிய கடை ஒன்றில் பில் போடுகிற வேலை, ஏழு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வாய் ஓயாது. உள்ளே நுழைந்து பையை இறக்கும்போதே, "அப்பப்பா, பஸ்ல என்னா கூட்டம், உயிரே போயிடுச்சு" என்றாள்.

சுண்டு எழுந்து வந்து அத்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. போய் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னடி பண்ற?"

"அக்கா, உயிர் போச்சு, தல வெடிக்குது, காது கிழியுது, இதெல்லாம் இங்க சொல்லாதீங்க. எழுதி வச்சிருக்கேன், ஏழாவது பக்கம்" என்றாள் தையல்காரி.

அக்கா நோட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். படிக்கப் படிக்கப் புருவம் மேலே போனது.

"ஏம்மா, சௌக்கியமான்னு கேட்டா வயித்து வலியா? நான் எங்க போய் முட்டிக்கிறது?"

"முட்டிக்கிறதுன்னும் சொல்லாதீங்க."

"அப்போ என் வாயிலயே ஒரு தையல் போட்டு விட்டுட்டுப் போயேன். உன் தம்பி புருஷன் எப்படிச் சமாளிக்கிறான்?"

"அவரு உங்க தம்பிக்கா. எனக்குப் புருஷன்."

"ஆமா, ஏதோ ஒண்ணு. பாரு, இந்த நோட்டப் படிச்சதுல எனக்கு முறையே கொழம்பிப் போச்சு."

டிரைவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஏற்கெனவே அவர் மூன்று நாளாகப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். சாப்பிட உட்காரும்போது மனைவி இடது பக்கத்தைப் படிப்பாள், அவர் வலது பக்கத்தை ஒப்பிக்கவேண்டும். முப்பத்தெட்டுக்கு முப்பத்தொன்று வாங்கியிருந்தார்.

கிளம்புகிற அன்று காலையில் தையல்காரி ஒரு துண்டுத் துணியை எடுத்து வந்தாள். அதில் வரிசையாக ஐந்து பித்தான் தைத்திருந்தாள், ஐந்தையும் மாட்டி. சுண்டுவுக்குப் பித்தான் போடுவதும் கழற்றுவதும் ரொம்பப் பிடிக்கும்.

"அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறேன். காலைல எழுந்ததும் ஒரு பித்தான் கழட்டு. ஒரு நாளைக்கு ஒண்ணு. அஞ்சும் கழண்டா அன்னிக்கு அம்மா வந்துடுவேன்."

"போயிட்டு வரேன்னு சொல்லும்மா, போறேன்னு சொல்லாத" என்று அக்கா வாசலிலிருந்து அதட்டினாள்.

சுண்டு பித்தான்களைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை; அவள் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பவள் இல்லை. "அஞ்சும் கழண்டா அன்னிக்கு அம்மா வந்துடுவேன்" என்று அம்மாவின் குரலிலேயே திருப்பிச் சொன்னாள். தையல்காரி வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தக் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. தான் கொடுத்த வாக்கைத் தன் குரலிலேயே கேட்டுக்கொண்டு போவது அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்தபோது வாய் வறண்டு கிடந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ், "தையல்காரம்மாவுக்கே தையல் போட்டிருக்கோம். குத்தம் கண்டுபிடிக்கக்கூடாது" என்றாள். சிரித்தால் வலித்தது. சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.

அந்த வார்டில் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விடமாட்டார்கள். விட்டாலும் சுண்டு அந்த மருந்து வாடைக்குள் வரமாட்டாள். போனில் பேசுவதும் கிடையாது. முகம் இல்லாத குரல் அவளுக்கு ஆகாது. அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா கூப்பிடுவாள், இவள் கேட்டுக்கொள்வாள்.

முதல் நாள் எல்லாம் சரி. இரண்டாம் நாள் அக்காவின் குரலே சுரத்தில்லாமல் வந்தது.

"என்னன்னு சொல்றது போ. மத்தியானம் எங்கிட்ட வந்து நின்னா. அத்தையோட கண்ணையே பாக்காத புள்ள, கிட்ட வந்து, நல்லா இருக்கீங்களான்னு கேட்டுச்சு. எனக்கு அப்படியே உருகிப் போச்சு. நல்லா இருக்கேண்டி தங்கம், நீ எப்படி இருக்கன்னு ரெண்டு வாட்டி பதில் சொன்னேன். இன்னும் நாலு வாட்டி கேட்டா. நானும் ஊர்ல உள்ள எல்லாரோட சௌக்கியத்தையும் சொல்லி முடிச்சேன். அப்புறம் என் மடியிலயே வாந்தி எடுத்துட்டா."

"அக்கா, நோட்டுல அடிக்கோடு போட்டிருந்தேனே."

"போட்டிருந்த. நான் இல்லேன்னா சொன்னேன்? கேக்கும்போது மூளைக்கு எட்டல. அவ்வளவு மரியாதையா கேக்குறா."

"இப்போ எப்படி இருக்கா?"

"தூங்குறா. கஞ்சி குடிச்சா. கவலப்படாத, இனிமே என்னை யாராவது சௌக்கியமான்னு கேட்டாலே நான் பாத்திரத்த தூக்கிட்டு ஓடிடுவேன்."

மூன்றாம் நாள் அக்கா தேறிவிட்டாள். வாக்கியத்துக்கு வாக்கியம் சரியாகப் பிடித்தாள். டிரைவர் வந்து பார்த்துவிட்டு, "அக்கா என்னைவிட அதிகமா மார்க் வாங்கிடுச்சு" என்றார். ஒரு வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

நான்காம் நாள் மத்தியானம் தையல்காரிக்குக் குளிர் எடுத்தது. போர்வை போதவில்லை. நர்ஸ் வந்து பார்த்தாள், பிறகு இன்னொரு நர்ஸ் வந்தாள், பிறகு டாக்டரம்மாவே வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். தையல் ஓரத்தில் சிவந்து சூடாக இருந்தது. ஐந்தாம் நாள் காலையிலும் காய்ச்சல் இறங்கவில்லை.

"ரெண்டு நாள். ஊசி மருந்து ஏத்தணும். அதுக்கப்புறம் போகலாம்" என்றார் டாக்டரம்மா.

"இன்னிக்குப் போகணும் டாக்டர். சொல்லிட்டு வந்திருக்கேன்."

"யார்கிட்ட?"

"என் பொண்ணுகிட்ட. அஞ்சு நாள்னு."

"கொழந்தைங்கதானே, சொன்னா புரிஞ்சுப்பாங்க."

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வருஷங்கள் தையல்காரிக்கு உண்டு. கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில், எங்கே சுண்டு தரையில் விழுந்து புரண்டாலும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்வார்கள்.

டாக்டரம்மா போனதும் கணவருக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். அவர் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார்.

"கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க. என் பொறுப்புல போறேன்னு எழுதிக் குடுத்தா விட்டுடுவாங்க."

"காய்ச்சல் நூத்திரெண்டு."

"அங்க கடைசிப் பித்தானையும் கழட்டியிருப்பா."

"கழட்டிட்டா. ஏழு மணிக்கே. செருப்ப மாட்டிட்டு வாசல்ல உக்காந்திருக்கா."

அவள் காலைக் கீழே வைத்து எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டில் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முகமெல்லாம் வேர்த்து, அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டிரைவர் அவளைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தார்.

"நீ போய் விழுந்து கெடந்தா அவளுக்கு யாரு?" என்றார்.

"பொய் சொல்லிட்டேங்க. இந்த ஒம்போது வருஷத்துல அவகிட்ட தெரிஞ்சு ஒரு பொய் சொன்னதில்ல."

"நீ சொல்லல. டாக்டரம்மா சொன்னாங்க, நீ சொன்ன."

"அது அவளுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். நோட்டில் எழுதி வைக்காததைக் கேட்டால் அவர் என்ன செய்வார்? சாயங்கால ஷிப்டை வேறு யாரிடமாவது மாற்றிக் கொடுத்துவிட்டு, பகல் ஷிப்ட் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பகலெல்லாம் மருந்துப் பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒவ்வொரு சொட்டுக்கும் வாசலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை கண்ணுக்குள் வந்தாள். வெயில் ஏறியிருக்கும். செருப்பைக் கழற்றமாட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டாள். தெருவில் எந்த வண்டி நின்றாலும் பார்ப்பாள். எத்தனை வண்டி நின்றிருக்கும்.

ஆறு மணிக்குப் போன் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. ஏழு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். தொண்டை கட்டியிருந்தது.

"நான்தான். உன் புருஷன் அவள மாடிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். இப்போ பரவால்ல."

"என்ன ஆச்சுக்கா? மறைக்காம சொல்லுங்க."

"மறைக்க என்ன இருக்கு. மூணு மணி வரைக்கும் வாசல்லயே இருந்தா. அப்புறம் ஆரம்பிச்சா பாரு. அப்படி ஒரு கத்தல் நான் கேட்டதே இல்ல. கைய கடிச்சுக்கிட்டா, ரத்தம். தலகாணிய சொவத்துக்கு முன்னால பிடிச்சுக்கிட்டு நின்னேன், நீ எழுதின மாதிரியே. ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து எட்டிப் பாத்தாங்க, அவங்கள நானே அடுத்த பேஷண்ட் வரலாம்னு சொல்லித் தொரத்திட்டேன்."

தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்புறம் போய் உன் மிஷினுக்கு அடியில பூந்துட்டா. கத்தல் நின்னுடுச்சு. ஒரே வார்த்தையவே சொல்லிட்டு இருந்தா. நூல் அறுந்துபோச்சு, நூல் அறுந்துபோச்சுன்னு. நோட்ட எடுத்துத் தேடுறேன் தேடுறேன், அது இல்ல. அத ஏன் எழுதாம விட்ட?"

"அது ஒண்ணுமில்லக்கா. மிஷின்ல நூல் அறுந்தா நான் சொல்றது. அதக் கேட்டுட்டு சும்மா சொல்லுவா. அதுக்கு அர்த்தம்னு ஒண்ணும் கெடையாது."

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"மிஷின் ஓடலையேம்மா. அஞ்சு நாளா உறை போட்டு மூடியில்ல இருக்கு."

தையல்காரி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் என்னத்தக் கண்டேன்" என்றாள் அக்கா. "எனக்கும் அழுகையா வந்துடுச்சு. கீழ உக்காந்து, ஆமாடி, அறுந்துதான் போச்சுன்னு சொன்னேன். அவ சொல்ல, நான் சொல்ல, அப்படியே போச்சு கொஞ்ச நேரம். அப்புறம் என் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உக்காந்தா. தண்ணி வேணுமான்னா. குடுத்தேன். குடிச்சா. அவ்வளவுதான்."

போனை வைத்த பிறகு தையல்காரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அந்தப் பக்கம் திரும்பினால் தையல் இழுக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இழுத்தது.

நூல் அறுந்துபோச்சு என்று சுண்டு எப்போதெல்லாம் சொன்னாள் என்று தேட ஆரம்பித்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை, வரிசையாக வந்து நின்றது. அப்பாவுக்கு வழித்தடம் மாற்றினார்கள். தினமும் நாலு மணிக்கு வீட்டு முன்னால் ஹாரன் அடித்துவிட்டுப் போகிற பஸ் வராமல் போனது. அன்றைக்குச் சுண்டு ஜன்னலில் நின்றுகொண்டு சொன்னாள். பேச்சுப் பயிற்சி கொடுத்த டீச்சர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனார். அடுத்த வகுப்பில் வேறு ஒருத்தர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். மாடி வீட்டுக் குடும்பம் காலி செய்துகொண்டு போனது; அவர்களுடைய குழந்தை ஒன்று சுண்டுவின் பக்கத்தில் வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கும். சாமான் வண்டி போன பிறகு, காலி மாடிப்படியில் நின்று சொன்னாள்.

ஒவ்வொரு தடவையும் தையல்காரி என்ன செய்தாள் என்பதும் ஞாபகம் வந்தது. "அறுந்துபோகலடி, வா காட்டுறேன்" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் மிஷின் முன்னால் நிறுத்தினாள். ஊசியைக் காட்டினாள், நூல் கண்டிலிருந்து ஊசிக் காது வரைக்கும் நூலை விரலால் தொட்டுக் காட்டினாள். "பாத்தியா, நல்லா இருக்கு, அறுந்துபோகவே இல்ல." சுண்டு பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு இன்னும் இரண்டு தரம் சொல்வாள். பிறகு சொல்வதை விட்டுவிடுவாள். அடங்கிவிட்டாள் என்று தையல்காரி நினைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போவாள்.

சுண்டு எங்கே அதைப் பிடித்திருப்பாள் என்றும் தெரிந்தது. தையல்காரி மிஷினை மிதிக்கும்போது, மேஜைக்கு அடியில் அந்தச் சத்தத்தோடு அவள் உட்கார்ந்திருப்பாள். கடகடவென்று ஒரே சீராக ஓடுகிற சத்தம், அவளுக்குப் பிடித்த சத்தம். அது திடீரென்று நிற்கும். மேலேயிருந்து அம்மாவின் குரல் வரும். ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோவதற்கு அவளிடம் இருந்தது அந்த ஒரே பேச்சுதான். அந்தப் பிள்ளையின் பாஷையை முப்பத்தெட்டு வரியில் எழுதி வைத்த அம்மாவுக்கு, அந்த முப்பத்தொன்பதாவது மட்டும் பாஷையாகவே படவில்லை. தன் வாயிலிருந்து போனது ஆயிற்றே, அதற்குத் தான் நினைத்ததைத் தவிர வேறு என்ன அர்த்தம் இருக்கமுடியும் என்று இருந்துவிட்டாள்.

அவள் சத்தமில்லாமல் அழுதாள். சத்தம் போட்டு அழவும் வயிறு விடாது.

ஏழாம் நாள் காலை பதினோரு மணிக்கு வாடகை வண்டி வீட்டு வாசலில் நின்றது. டிரைவர் முதலில் இறங்கிப் பையை எடுத்துக்கொண்டு அவளுக்குக் கை கொடுத்தார். இறங்க நேரம் பிடித்தது. அக்கா வாசலிலேயே நின்றாள். கொஞ்சம் இளைத்தாற்போல் இருந்தாள்.

"எங்க?" என்று தையல்காரி கேட்டாள்.

"மிஷினுக்கு அடியில. சாப்பாடே அங்கதான். வண்டிச் சத்தம் கேட்டும் வெளிய வரல. நீ ஒண்ணும் நெனச்சுக்காத."

முன்னறையில் வெயில் பாதி தூரம் வந்திருந்தது. மேஜைக்கு அடியில், சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுண்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் பிளாஸ்திரி. பார்வை மிதிகட்டையின் மேல் இருந்தது. அம்மாவின் கால் அறைக்குள் வந்ததைப் பார்த்திருப்பாள். அசையவில்லை.

குனியக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது, ஒரு மாதத்துக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தையல்காரி மிஷின் ஸ்டூலை மெல்ல இழுத்து, ஒரு கையை மேஜையில் ஊன்றி, உட்கார்ந்தாள். இப்போது மகளின் முகம் தெரியவில்லை. தன் முழங்காலுக்குக் கீழே எங்கேயோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"அஞ்சு நாள்னு சொன்னேன்" என்றாள். "ஏழு நாள் ஆச்சு."

டிரைவர் பையைக் கீழே வைக்காமல் நின்றார். அக்கா வாயைத் திறந்தாள், பிறகு சேலைத் தலைப்பால் தானே வாயை மூடிக்கொண்டாள்.

"நூல் அறுந்துபோச்சு" என்றாள் சுண்டு. தையல்காரியின் குரல்தான். வேலைக்கு நடுவில் சலித்துக்கொள்கிற அதே குரல்.

இல்லடி என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. தையல்காரி அதை விழுங்கினாள்.

"ஆமா. அறுந்துபோச்சு."

மூச்சு ஒரு கணம் நின்று மறுபடி வந்தது.

"நூல் அறுந்துபோச்சு."

"ஆமாம்மா. நான் வரேன்னு சொன்ன அன்னிக்கு வரல. அறுந்துதான் போச்சு."

"நூல் அறுந்துபோச்சு."

"ஆமா."

அது போய்க்கொண்டே இருந்தது. எத்தனை தரம் என்று யாரும் எண்ணவில்லை. நடுவில் ஒரு தடவை சுண்டுவின் குரல் மாறியதுபோல் தையல்காரிக்குப் பட்டது. சலிப்புக் குரல் கொஞ்சம் இறங்கி, உள்ளே வேறு ஒரு சின்னக் குரல் தெரிந்ததுபோல். சொல்ல முடியாது. அவள் அப்படிக் கேட்க ஆசைப்பட்டிருக்கலாம். பஸ்ஸுக்கும் டீச்சருக்கும் மாடி வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்து இவ்வளவு நாளாகச் சொல்லாமல் விட்ட ஆமாவையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கீழே பேச்சு நின்றது. துணி உரசும் சத்தம் கேட்டது. ஒரு சின்ன முதுகு வந்து அவள் கெண்டைக்காலில் சாய்ந்தது. முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தது. அந்த அழுத்தத்தில் அடிவயிற்றுத் தையல் சுருக்கென்றது. அவள் காலை நகர்த்தவில்லை.

"எவ்வளவு நேரம் அப்படியே உக்காந்திருப்ப? மாத்திரை போடணும்ல?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

"தெரியலக்கா" என்றாள் தையல்காரி. "எவ்வளவு நேரம்னு நான் அவகிட்ட சொல்லல. மாத்திரைய இங்க கொண்டு வாங்க."